மாணவர்களின் தகவல் உரைக்கு மதிப்பெண் போடுவது எப்படி: வகுப்பாசிரியருக்கான முழுமையான வழிகாட்டி

இது 7, 8, 9ஆம் வகுப்புகளில் நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு, 45 நிமிடப் பாடவேளைக்குள் பேச்சுக்கு மதிப்பெண் போட வேண்டியிருக்கும் ஆசிரியருக்காக எழுதியது. தமிழ் வகுப்பை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். அறிவியலுக்கும் சமூக அறிவியலுக்கும் தலைப்பை மட்டும் மாற்றினால் போதும்.

முதல் முறை செய்பவர்களுக்குச் சிக்கல் பெரும்பாலும் பேச்சு நாளுக்கு முந்தைய வாரத்திலேயே தொடங்கிவிடுகிறது. அதனால் இந்த வழிகாட்டியில் பாதி, முதல் மாணவர் வாய் திறப்பதற்கு முன் செய்ய வேண்டியதைப் பற்றியது.

கையில் இருக்க வேண்டியவை

- ஒரு மாணவருக்குக் கால் பக்கம் என்ற அளவில் மதிப்பெண் தாள்
- கேட்போர் எழுதும் சிறு சீட்டுகள், மொத்தம் 200
- ஸ்டாப்வாட்ச் உள்ள கைபேசி அல்லது ஒரு சாதாரணக் கடிகாரம்
- "இன்னும் அரை நிமிடம்" என்று காட்ட ஒரு மஞ்சள் அட்டை
- குலுக்கலுக்குப் பெயர்ச் சீட்டுகள்
- பென்சில், அழிப்பான் (பேனா கடைசி நாளுக்குத்தான்)

## 1. எதை அளக்கிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

நம் பிள்ளைகளுக்குப் பேச்சு என்றாலே பேச்சுப்போட்டிதான். "அவையோர் அனைவருக்கும் என் முத்தான முதற்கண் வணக்கம்" என்று தொடங்கும். ஒரு குறள் வரும், கையை உயர்த்தி ஒரு முழக்கம் வரும், "வாய்ப்பளித்தமைக்கு நன்றி கூறி விடைபெறுகிறேன்" என்று முடியும். யாரோ எழுதிக் கொடுத்தது, இவர் மனப்பாடம் செய்தது. குரல் கணீரென்று இருந்தால் பரிசு.

தகவல் உரையின் வேலை வேறு. கேட்பவருக்குத் தெரியாத ஒன்றைத் தெரியவைப்பதுதான் அது. "மரம் வளர்ப்போம், மழை பெறுவோம்" என்று பேசினால் அது வேண்டுகோள். பதநீர் இறக்கும் கலயத்தில் ஏன் சுண்ணாம்பு தடவுகிறார்கள், தடவாவிட்டால் அது எப்படிப் புளித்துக் கள்ளாகிவிடும் என்று சொன்னால் அது தகவல்.

ஆகவே ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொள்ளுங்கள்: பேச்சு முடிந்த பிறகு, கேட்ட பிள்ளையிடம் புதிதாக என்ன இருக்கிறது? மதிப்பெண் சட்டகம், நீங்கள் உட்காரும் இடம், கேட்போர் சீட்டு எல்லாமே இந்தக் கேள்வியிலிருந்துதான் வருகின்றன. இதை முடிவு செய்யாமல் வகுப்புக்குப் போனால், நம் காது பழகிய வழியிலேயே போகும். சத்தமாகப் பேசியவர் முதலிடம் பெறுவார்.

இதைப் பிள்ளைகளிடமும் முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். "வணக்கம் ஒரு வரி, நன்றி ஒரு வரி. அதற்கு மேல் போனால் உங்கள் நேரம்தான் போகும்" என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

## 2. நேரக் கணக்கைப் போடுங்கள்

பேச்சு 2 நிமிடம். கேள்வி 1 நிமிடம். மதிப்பெண் எழுதவும் அடுத்தவர் வந்து நிற்கவும் 2 நிமிடம். ஆக ஒருவருக்கு 5 நிமிடம். வருகைப் பதிவு, கரும்பலகை துடைப்பது எல்லாம் போக 45 நிமிடத்தில் 40 மிஞ்சும். ஒரு பாடவேளைக்கு 8 பேர், நாற்பது பேருக்கு 5 பாடவேளை.

"மூன்று நிமிடம் கொடுத்தால் நன்றாகப் பேசுவார்களே" என்று தோன்றும். அப்படிச் செய்தால் ஒரு பாடவேளைக்கு ஆறு பேர்தான் முடிப்பார்கள். மொத்தம் 7 பாடவேளை ஆகும். ஒன்பதாம் வகுப்பு என்றால் யோசிக்கலாம். ஏழு, எட்டுக்கு இரண்டு நிமிடமே போதும். ஒரு மையக் கருத்தும் அதைத் தாங்கும் மூன்று செய்திகளும் அதில் அடங்கிவிடும்.

தினமும் வகுப்புத் தொடக்கத்தில் இரண்டு பேர் என்று ஒரு மாதம் இழுக்கும் வழக்கமும் உண்டு. எனக்கு அது பிடிக்காது. முதல் வாரத்தில் கண்டிப்பாக இருந்த கை நான்காம் வாரத்தில் தளர்ந்துவிடும்; கடைசியாகப் பேசுபவருக்குத் தயாராக ஒரு மாதம் கூடுதலாகக் கிடைக்கும். இரண்டு வாரத்துக்குள் ஐந்து பாடவேளையையும் முடித்துவிடுங்கள். ஒரே நாளில் இரண்டு பாடவேளை தொடர்ந்து வைக்க வேண்டாம். பத்துப் பேருக்குப் பிறகு காது கேட்கும், கவனம் இருக்காது.

## 3. தலைப்பைக் கேள்வியாகக் கொடுங்கள்

"நீர் மேலாண்மை", "உடல்நலம்", "மின்சாரச் சிக்கனம்" என்று கொடுத்தால் கட்டுரைப் புத்தகத்தில் இருக்கும் முன்னுரை, பொருளுரை, முடிவுரை அப்படியே வகுப்புக்கு வந்து நிற்கும். அதைப் பேசியவருக்கு மதிப்பெண் போடுவதா, புத்தகம் எழுதியவருக்குப் போடுவதா?

அதே தலைப்புகளைக் குறுக்கிக் கேள்வியாக்குங்கள்:

- மேட்டூர் அணை நிரம்பிவிட்டது என்று எப்போது சொல்கிறார்கள்?
- டெங்கு பரப்பும் கொசு நம் வீட்டில் எங்கே முட்டையிடுகிறது?
- வீட்டு மின் மீட்டரைப் பார்த்து இரண்டு மாதக் கணக்கை நாமே போடுவது எப்படி?
- வயிற்றுப்போக்கு வந்தவருக்கு உப்பு–சர்க்கரைக் கரைசலை எப்படிக் கலப்பது?

கேள்வியாக இருந்தால் அதற்கு விடை சொல்லியாக வேண்டும். விடை வந்ததா இல்லையா என்று நீங்களும் எளிதாகப் பார்க்கலாம். அணைக்கட்டுகளின் பெருமையைப் பாடிவிட்டு இறங்க முடியாது.

வீட்டில் நடக்கும் தொழிலையும் தலைப்பாக எடுக்க விடுங்கள். தறியில் பாவு ஓட்டுவது, வலையில் கண்ணி அளப்பது, செங்கல் சூளை அடுக்குவது, டீக்கடையில் டிகாக்‌ஷன் போடுவது. வீட்டில் புத்தகமோ இணையமோ இல்லாத பிள்ளைக்கும் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு ஆள் இருப்பார். ஆனால் அந்தப் பிள்ளையே விரும்பித் தேர்ந்தெடுத்தால் மட்டும்தான். "உங்க அப்பா செய்ற வேலையைப் பத்திப் பேசு" என்று ஆசிரியர் சொல்லக் கூடாது. வீட்டுத் தொழிலை வகுப்பில் சொல்லத் தயங்கும் பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

ஒரு தலைப்பை இரண்டு பேருக்கு மேல் எடுக்க விட வேண்டாம். மூன்றாவது முறை கேட்கும்போது நமக்கு அதில் புதிதாக எதுவும் தோன்றாது. மூன்றாவது பிள்ளைக்கு அதனால் மதிப்பெண் குறையும்.

தலைப்புகள் முடிவானதும் ஒவ்வொன்றுக்கும் ஐந்தாறு வரியில் சரியான செய்திகளை நீங்கள் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். உதாரணமாக, கரைசல் தலைப்புக்கு: ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், மட்டமாக ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. பேசுபவர் உப்பையும் சர்க்கரையையும் மாற்றிச் சொன்னால் அந்த இடத்திலேயே பிடிக்க வேண்டும், ஏனென்றால் அந்தத் தவறு வீடு வரை போகும். கொசுத் தலைப்புக்கு: தேங்கிய நல்ல தண்ணீரில் முட்டையிடும், பகலில் கடிக்கும். "சாக்கடையில் உற்பத்தியாகும் டெங்கு கொசு" என்று குறைந்தது ஒருவராவது சொல்வார். தயாராக இருங்கள்.

## 4. மதிப்பெண் சட்டகம்: 20க்குப் போட்டு 10க்குச் சுருக்குங்கள்

வளரறி மதிப்பீட்டில் (பருவத்தின் நடுவே வகுப்புச் செயல்பாடுகளுக்குப் போடும் மதிப்பெண்) ஒரு செயல்பாட்டுக்கு 10 மதிப்பெண் என்றாலும், நேரடியாக 10க்குப் போட்டால் எல்லாரும் 7, 8இல் வந்து குவிவார்கள். 20 என்றால் வேறுபாடு காட்ட இடம் இருக்கும்.

செய்தி சரியாக இருக்கிறதா – 6
6: சொன்னவை எல்லாம் சரி, எங்கிருந்து தெரிந்தது என்பதையும் சொன்னார்.
4: ஓரிடத்தில் பிழை, ஆனால் அது மைய விடையைப் பாதிக்கவில்லை.
2: மைய விடையே தவறு, அல்லது செய்தியே இல்லாமல் பாராட்டும் வேண்டுகோளும் மட்டும்.

ஒழுங்கு – 4
4: கேள்வி என்ன, விடை என்ன, ஏன் என்று தொடர்ந்து போகிறது.
2: செய்திகள் இருக்கின்றன, ஆனால் எது முதலில் வந்தாலும் ஒன்றுதான் என்பது போல் இருக்கிறது.
0: எதைப் பற்றிப் பேசினார் என்பதே பிடிபடவில்லை.

புரியவைத்தல் – 4
4: கடினமான சொல்லையோ எண்ணையோ வகுப்புக்குத் தெரிந்த ஒன்றோடு இணைத்தார், பொருளைக் காட்டினார், கரும்பலகையில் வரைந்தார்.
2: ஓரிடத்தில் மட்டும் முயன்றார்.
0: எண்களையும் பெயர்களையும் அடுக்கிவிட்டுப் போனார்.

சொல்லும் விதம் – 4
4: கடைசிப் பெஞ்சுக்குக் கேட்டது, கேட்போரைப் பார்த்துப் பேசினார், பின்தொடர முடிந்த வேகம்.
2: கேட்டது, ஆனால் ஒப்பித்தார் அல்லது அட்டையைப் பார்த்தே படித்தார்.
0: பாதிக்கு மேல் கேட்கவில்லை.

கேள்விக்கு விடை – 2
இதைப் பற்றி 9ஆவது படியில்.

இடைப்பட்ட நிலை என்றால் 5, 3, 1 போடலாம். "நன்று, மிக நன்று, சுமார்" என்ற சொற்களைச் சட்டகத்தில் வைக்காதீர்கள். என் "நன்று" வேறு, அடுத்த வகுப்பு ஆசிரியரின் "நன்று" வேறு. கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய ஒன்றை எழுதினால்தான் இரண்டு பேர் ஒரே மதிப்பெண்ணுக்கு வர முடியும்.

சொல்லும் விதத்துக்கு 4தானா என்று சிலர் கேட்பார்கள். 20இல் 4 போதும். குரல் வளம் சில பிள்ளைகளுக்கு வீட்டிலேயே வந்துவிடுகிறது. சரியான செய்தியைத் தேடி எடுப்பதும் வரிசைப்படுத்துவதும் நாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்தவை. சொல்லிக் கொடுத்ததற்குத்தான் அதிக மதிப்பெண் இருக்க வேண்டும்.

சட்டகத்தைச் சார்ட்டில் எழுதி, பேச்சுக்கு ஒரு வாரம் முன்பே சுவரில் ஒட்டிவிடுங்கள்.

## 5. இரண்டு மாதிரிப் பேச்சுகளுக்கு வகுப்போடு சேர்ந்து மதிப்பெண் போடுங்கள்

இந்தப் படியைத் தாண்டிவிடுபவர்கள்தான் அதிகம். நேரம் இல்லை என்பார்கள். ஆனால் சார்ட்டில் ஒட்டிய சட்டகம் பிள்ளைகளுக்குப் புரிவது இங்கேதான். அரைப் பாடவேளை போதும்.

மேட்டூர் தலைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மாதிரியைப் பேச்சுப்போட்டிக் குரலில் நீங்களே பேசிக் காட்டுங்கள்:

"காவிரித் தாயின் மடியில் கம்பீரமாய் நிற்கும் மேட்டூர் அணை! 1925இல் தொடங்கி 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மாபெரும் அணை! 120 அடி உயரம்! 93.47 டி.எம்.சி. கொள்ளளவு! டெல்டா உழவர்களின் உயிர்நாடி! அத்தகைய அணையைப் போற்றுவோம், காவிரியைக் காப்போம்!"

இரண்டாவதைச் சாதாரணக் குரலில், கொஞ்சம் தயங்கித் தயங்கி:

"டிவியில 'மேட்டூர் நீர்மட்டம் 120 அடியை எட்டியது'ன்னு சொல்லுவாங்க. நான் அணையோட உயரம்தான் 120 அடின்னு நெனச்சேன். அது இல்ல. தண்ணியத் தேக்கி வைக்கிற முழு அளவு அது. அந்த மட்டத்துல தண்ணி நிக்கும்போது உள்ள 93.47 டி.எம்.சி. இருக்கும். ஒரு டி.எம்.சி.ன்னா நூறு கோடி கன அடி. ஒரு கன அடின்னா ஏறக்குறைய 28 லிட்டர், நம்ம வீட்டுக் குடத்துல ரெண்டு குடம். 120 அடி வந்ததுக்கு அப்புறம் எவ்வளவு தண்ணி வருதோ அவ்வளவையும் தெறந்து விட்டுருவாங்க. இத பேப்பர்லயும் சமூக அறிவியல் சார்கிட்டயும் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்."

வகுப்பிடம் கேளுங்கள்: "எது நல்லா இருந்துச்சு?" பெரும்பாலும் முதலாவது என்பார்கள். அப்புறம் இதைக் கேளுங்கள்: "சரி, அணை எப்போ நிரம்பும்? முதல் பேச்சை மட்டும் வெச்சு சொல்லுங்க." யாராலும் சொல்ல முடியாது. 120 அடி உயரம் என்ற பிழை கேள்வியின் நடு இடத்திலேயே விழுந்திருக்கிறது.

இப்போது சட்டகத்தை வைத்துப் போடுங்கள். முதல் பேச்சு: செய்தி 2, ஒழுங்கு 2, புரியவைத்தல் 0, சொல்லும் விதம் 4. மொத்தம் 8. இரண்டாவது: 6, 4, 4, 2. மொத்தம் 16. கேள்விக்கான 2 இரண்டிலும் சேரவில்லை. இந்த இடைவெளியை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால், பிறகு எவ்வளவு சொல்லியும் ஏறாத விஷயம் ஏறிவிடுகிறது.

பக்கத்து வகுப்பு ஆசிரியரும் இதே செயல்பாட்டைச் செய்கிறார் என்றால் அவரையும் இந்த இரண்டுக்கும் தனியாக மதிப்பெண் போடச் சொல்லுங்கள். இரண்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் சட்டகத்தில் எந்த வரி தெளிவில்லை என்று உட்கார்ந்து பேசுங்கள். பேச்சு நாள் வந்தபிறகு பேசிப் பயனில்லை.

## 6. மூன்று நாள் முன்னால் குறிப்பு அட்டையைப் பாருங்கள்

உள்ளங்கை அளவு அட்டை. அதில் ஐந்து வரிகள் மட்டும்: கேள்வி, அதற்கு ஒரே வாக்கியத்தில் விடை, மூன்று துணைச் செய்திகள். பின்பக்கத்தில் எங்கிருந்து தெரிந்தது என்பது. பாடநூல் பக்கமாக இருக்கலாம், நாளிதழாக இருக்கலாம், "எங்க பெரியம்மா, அங்கன்வாடியில வேலை பாக்கிறாங்க" என்பதாகவும் இருக்கலாம்.

முழு உரையை எழுதிக் கொண்டுவந்தால் வாங்காதீர்கள். கையில் முழு உரை இருந்தால் படிப்பார்கள். தலையில் முழு உரை இருந்தால் ஒப்பிப்பார்கள். ஐந்து வரி மட்டும் இருந்தால் வாக்கியத்தை அங்கேயே கட்டியாக வேண்டும்.

நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டே: விடை ஒரே வாக்கியத்தில் இருக்கிறதா, மூன்று செய்திகளும் அந்த விடைக்கு உதவுகின்றனவா. பெரும் பிழை இருந்தால் "இதை இன்னொரு தடவை சரிபார்" என்று மட்டும் சொல்லுங்கள். வாக்கியத்தை நீங்களே திருத்தி எழுதிக் கொடுத்தால், மூன்று நாள் கழித்து உங்கள் எழுத்துக்கு நீங்களே மதிப்பெண் போட வேண்டியிருக்கும். அட்டையில் கையெழுத்திட்டுத் திருப்பிக் கொடுங்கள். கையெழுத்து இல்லாத அட்டை பேச்சு நாளில் செல்லாது.

## 7. வகுப்பறையைத் தயார் செய்யுங்கள்

வரிசை குலுக்கலில். வருகை எண் வரிசையில் போனால் எப்போதும் அதே ஐந்து பேர் முதலில் மாட்டுவார்கள். ஒவ்வொரு நாளும் முதல் இரண்டு இடங்களை மட்டும் விருப்பமுள்ளவர்களுக்கு விட்டுவிடலாம். அறை கொஞ்சம் சூடு பிடிக்கும்.

நீங்கள் கடைசிப் பெஞ்சில். ஆசிரியர் மேசையில் உட்கார்ந்தால் பிள்ளை உங்களைப் பார்த்துத்தான் பேசும்; வகுப்புக்கு அதன் தோள்தான் தெரியும். கடைசியில் உட்கார்ந்தால் பார்வை தானாக எல்லார் மேலும் போகும். குரல் கேட்கிறதா என்பதும் ஊகிக்க வேண்டியதில்லை.

கேட்போர் சீட்டு ஐந்து பேருக்கு மட்டும். நாற்பது பேரும் நாற்பது பேச்சுக்கு எழுதினால் 1600 சீட்டு. யாரும் படிக்கப் போவதில்லை. ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு பெஞ்சு, அதாவது ஐந்து பேர். அடுத்த பேச்சுக்கு அடுத்த பெஞ்சு. சீட்டில் இரண்டு வரி:

1. இந்தப் பேச்சிலிருந்து எனக்குப் புதிதாகத் தெரிந்தது
2. நான் கேட்க நினைக்கும் கேள்வி

மதிப்பெண் என்ற வரி அதில் வேண்டாம். பிள்ளைகளை மதிப்பெண் போடச் சொன்னால் நண்பனுக்கு 10, சண்டை போட்டவனுக்கு 3.

## 8. பேசும்போது குறியிடுங்கள், மதிப்பெண் போடாதீர்கள்

இங்குதான் வேலை கடினம். பேச்சு ஓடும் இரண்டு நிமிடத்தில் நீங்கள் வாக்கியம் எழுதினால் தலை குனிந்திருக்கும்; பாதி கேட்காது. குறிகளை மட்டும் போடுங்கள். ஒவ்வொரு செய்திக்கும் ஒரு டிக். பிழை என்றால் பெருக்கல் குறியும் பக்கத்தில் ஒரு சொல்லும். புரியாத இடத்தில் கேள்விக்குறி. புரியவைக்க எடுத்த முயற்சிக்கு ஒரு வட்டம். ஒன்றரை நிமிடத்தில் மஞ்சள் அட்டை. இரண்டு நிமிடம் தாண்டினால் நடந்துகொண்டிருக்கும் வாக்கியத்தை முடிக்க விடுங்கள், பிறகு நிறுத்தச் சொல்லுங்கள்.

பேச்சு முடிந்து அடுத்தவர் வரும் இடைவெளியில் எண்களைப் போடுங்கள். அதிலும் வரிசை உண்டு: முதலில் செய்தி, பிறகு ஒழுங்கு, புரியவைத்தல், கடைசியில் சொல்லும் விதம். மாற்றிப் போட்டால், கணீர்க் குரலுக்கு 4 போட்ட கை அதே வேகத்தில் செய்திக்கும் 6 போட்டுவிடும். மொத்தத்தை இப்போது கூட்டவே வேண்டாம். கூட்டினால் "அய்யோ, இந்தப் பிள்ளைக்கு இவ்வளவுதானா" என்று பின்னால் போய் ஒன்றிரண்டைச் சேர்ப்போம். நன்றாகப் படிக்கும் பிள்ளை என்றால் இன்னும் எளிதாகச் சேர்ப்போம்.

அடுத்து மொழி. எழுத்துத் தமிழில்தான் பேச வேண்டுமா? பல பள்ளிகளில் இதற்கென்றே மதிப்பெண் வெட்டுகிறார்கள். என் முடிவு இது: தகவல் உரையில் பேச்சுத் தமிழுக்கு வெட்டக் கூடாது. விளக்கிச் சொல்லும்போது நாம் யாரும் எழுத்துத் தமிழில் விளக்குவதில்லை. எழுத்துத் தமிழில் பேசச் சொன்னால் பிள்ளை மறுபடி மனப்பாடத்துக்குத்தான் ஓடும். "அங்கிட்டு", "அந்தாண்ட", "அவிய" எல்லாம் வரட்டும். வகுப்பில் பலருக்குத் தெரியாத வட்டாரச் சொல்லை விளக்காமல் விட்டால் மட்டும் "புரியவைத்தல்" பகுதியில் கேள்விக்குறி போடுங்கள். மற்றபடி அதைத் தொடாதீர்கள்.

ழகர உச்சரிப்பும் அப்படித்தான். "மளை", "வாளை" என்று வந்தால் தமிழாசிரியரின் காது துடிக்கும், தெரியும். அதைத் தனியாகக் குறித்து வைத்து இன்னொரு நாள் பயிற்சி கொடுங்கள். இந்த மதிப்பெண்ணில் அது சேராது. பொருள் மாறிப்போய்க் கேட்டவருக்குக் குழப்பம் வந்தால் மட்டும் விதிவிலக்கு.

பேச்சு நடுவில் நின்றுவிட்டால் பத்து எண்ணும்வரை காத்திருங்கள். பிறகு "அட்டையைப் பார்" என்று மெதுவாகச் சொல்லுங்கள். அட்டை அதற்குத்தான், ஒருமுறை பார்த்ததற்கு மதிப்பெண் குறையாது. வகுப்பில் யாராவது சிரித்தால் அந்தப் பேச்சை நிறுத்தாமல், முடிந்தபிறகு சிரித்தவரைக் கவனியுங்கள்.

## 9. இரண்டு கேள்வி, அதற்கு மேல் இல்லை

ஒன்று சீட்டு எழுதும் பெஞ்சிலிருந்து. ஒன்று உங்களிடமிருந்து. மனப்பாடமா, புரிந்து பேசியதா என்பது இங்கே தெரிந்துவிடும்.

உங்கள் கேள்வி "ஏன்" அல்லது "அப்படியானால்" என்று இருக்கட்டும். "கலயத்தில் சுண்ணாம்பு குறைவாகத் தடவினால் என்ன ஆகும்?" "மேட்டூரில் 119 அடி இருக்கும்போது பெரிய வெள்ளம் வந்தால் என்ன செய்வார்கள்?" பேச்சில் சொன்ன எண்ணைத் திரும்பக் கேட்பது நினைவாற்றலைத்தான் சோதிக்கும்.

பேச்சில் சொன்னதை வைத்துக் காரணம் சொன்னால் 2. "தெரியல சார், பார்த்துச் சொல்றேன்" என்றால் 1. வாய்க்கு வந்ததை அடித்துவிட்டால் 0. தெரியாது என்று சொன்னதற்கு மதிப்பெண்ணா என்று சக ஆசிரியர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். தகவல் சொல்பவர் தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்வது அந்த வேலையின் ஒரு பகுதி.

## 10. அன்றைக்கே சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்

அன்று பேசிய எட்டுப் பேருக்கு 40 சீட்டு. ஆசிரியர் அறையில் உட்கார்ந்து பார்த்தால் சீக்கிரம் முடிந்துவிடும். மறுநாளுக்குத் தள்ளினால் எந்தக் கேள்விக்குறி எதற்கு என்று உங்களுக்கே மறந்திருக்கும்.

ஐந்தில் மூன்று சீட்டிலாவது மைய விடை ஏதோ ஒரு வடிவில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால் உங்கள் மதிப்பெண் நிற்கட்டும். ஐந்து சீட்டிலும் "நன்றாகப் பேசினாள்", "குரல் அருமை" என்று மட்டும் இருந்தால் "புரியவைத்தல்" பகுதியை இன்னொரு முறை யோசியுங்கள். நீங்கள் 4 போட்டிருந்தால், உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த செய்தி என்பதால் புரிந்திருக்கலாம்.

இந்த ஒப்பீட்டால் ஒரு மதிப்பெண்ணுக்கு மேல் ஏற்றவோ இறக்கவோ வேண்டாம். அந்தப் பெஞ்சு தூங்கிக்கொண்டிருந்ததற்குப் பேசியவர் பொறுப்பில்லை.

அப்புறம், அன்றைய முதல் இருவரையும் கடைசி இருவரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே மாதிரி குறிகள் இருந்தும் எண் வேறாக இருந்தால் உங்கள் கை வழியில் மாறியிருக்கிறது. சரிசெய்யுங்கள். ஐந்தாம் நாள் முடிந்து எல்லாத் தாளையும் ஒருமுறை புரட்டிய பிறகுதான் பேனா.

## 11. கருத்து முதலில், மதிப்பெண் பிறகு

மறுநாள் ஒவ்வொருவருக்கும் இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். ஒரு வரி அப்படியே வைத்துக்கொள்ள வேண்டியது. ஒரு வரி அடுத்த முறை மாற்ற வேண்டியது. இரண்டும் அந்தப் பேச்சைப் பற்றியதாக இருக்க வேண்டும்.

"நன்று, இன்னும் முயற்சி செய்" என்று நாற்பது பேருக்கும் எழுதலாம்; ஒருவருக்கும் பயன்படாது. "மீட்டர் படத்தைக் கரும்பலகையில் வரைந்ததும் எல்லாருக்கும் புரிந்தது. பழைய கணக்கிலிருந்து புதியதைக் கழிப்பதா, புதியதிலிருந்து பழையதைக் கழிப்பதா என்பதில் குழம்பிவிட்டாய், அதை ஓர் எண் போட்டுக் காட்டியிருக்கலாம்" என்று எழுதினால் அடுத்த முறை செய்ய ஒரு வேலை கிடைக்கிறது.

எண்ணை ஐந்து நாளும் முடிந்த பிறகு கொடுங்கள். எண் தெரிந்துவிட்டால் அந்த இரண்டு வரியை யாரும் படிப்பதில்லை, பக்கத்தில் இருப்பவருடைய எண்ணைத்தான் எட்டிப் பார்ப்பார்கள். பென்சிலில் இருக்கும் எண் இன்னும் மாறலாம் என்பதும் ஒரு காரணம்.

## 12. வழக்கத்துக்கு மாறான நிலைகள்

திக்கிப் பேசும் பிள்ளை. நேர வரம்பு கிடையாது. திக்கியதற்கு எங்கும் குறைக்கக் கூடாது. வாக்கியத்தை நீங்கள் முடித்துக் கொடுக்காதீர்கள். எப்படிப் பேச விருப்பம் என்று முந்தைய நாளே தனியாகக் கேட்டுவிடுங்கள். உட்கார்ந்து பேசலாம், ஐந்து பேர் முன்னால் மட்டும் பேசலாம்.

வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளை. தெலுங்கு, உருது, கன்னடம் பேசும் வீட்டுப் பிள்ளைகளும், வேலைக்கு வந்த வட மாநிலக் குடும்பத்துப் பிள்ளைகளும் இருப்பார்கள். பொருளைக் கையில் கொண்டுவந்து காட்டிப் பேசச் சொல்லுங்கள். சட்டகம் அதேதான். செய்தி சரியாக இருந்து புரியவும் வைத்தால் இலக்கணப் பிழை இதில் கணக்கில்லை.

பயத்தில் மேடைக்கே வராதவர். வகுப்பு முன்னால் வைத்துக் கட்டாயப்படுத்தினால் அடுத்த வருடமும் வரமாட்டார். அன்றைய பட்டியலிலிருந்து சத்தமில்லாமல் எடுத்துவிட்டு, ஐந்தாம் நாள் கடைசி இடத்தைக் கொடுங்கள். அதற்குள் முப்பதுக்கு மேற்பட்ட பேச்சைக் கேட்டிருப்பார்.

வராதவர். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு மதிய இடைவேளை. கேட்க ஐந்து பேராவது இருக்க வேண்டும். ஆசிரியர் அறையில் உங்களிடம் மட்டும் ஒப்பித்தால் அது வேறு தேர்வு.

## 13. பதிவேட்டில் ஏற்றுவதும் மறுவாய்ப்பும்

20க்கு வந்ததைப் பாதியாக்கிப் பதிவேட்டில் எழுதுங்கள். அரை வந்தால் மேலே ஏற்றுங்கள், ஆனால் எல்லாருக்கும் ஒரே மாதிரி.

மதிப்பெண் தாளையும் சீட்டுகளையும் பருவம் முடியும்வரை ஒரு கவரில் போட்டு வையுங்கள். "பேச்சுப்போட்டியில பரிசு வாங்கின பிள்ளைக்கு எப்படிங்க 5 போட்டீங்க?" என்று ஒரு பெற்றோர் கட்டாயம் வருவார். ஐந்து சீட்டையும் எடுத்து அவர் முன்னால் வைத்தால் பேச்சு வேறு திசைக்குப் போகும். மற்றப் பிள்ளைகளின் பெயர் தெரியாமல் மடித்துக் காட்டுங்கள்.

20க்கு 8க்குக் கீழே வந்தவர்களுக்கு இரண்டு வாரம் கழித்து அதே தலைப்பில் இன்னொரு வாய்ப்பு கொடுங்கள். தலைப்பை மாற்றினால் மறுபடி தேடலில் நேரம் போகும். முதல் முறை எழுதிக் கொடுத்த இரண்டு வரிப்படி மாற்றினாரா என்பதையும் பார்க்க முடியாது. குறிப்பு அட்டை புதிதாக எழுத வேண்டும். இரண்டாவது மதிப்பெண் அதிகமாக இருந்தால் பதிவேட்டில் அதுதான் இருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுக்காதீர்கள்.